1947ன் வான்வழியில் மூன்று விமானங்கள்: சுபாங்கிலிருந்து பினாங்கு வரை அணியாகப் பறக்க ஒரு முழு வழிகாட்டி

1947 மே 1ஆம் தேதி மலாயன் ஏர்வேஸ் தன் முறையான பயணச் சேவையைத் தொடங்கியது. சிங்கப்பூரில் கிளம்பி கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று போன அந்த விமானம் ஏர்ஸ்பீட் கான்சல், இரட்டை எஞ்சின், மரத்தால் கட்டியது, ஒரு வேனில் ஏறுகிற அளவு ஆட்கள்தான் அதில் உட்கார முடியும். அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 1937 ஜூன் 28 அன்று, வேர்ன்ஸ் ஏர் சர்வீஸ் என்ற கம்பெனி டிராகன் ரேபிட் விமானத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் இடையே பறக்க ஆரம்பித்திருந்தது, ஜப்பானியர் வந்ததும் அது நின்றுபோனது. இன்றைக்கு நாம் ஏறுகிற மலேசியா ஏர்லைன்ஸ், பக்கத்து நாட்டு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டுக்கும் மூலம் அந்த மலாயன் ஏர்வேஸ்தான், பிரிந்தது 1972ல்.

ஈப்போவில் குணோங் ராப்பாட் பக்கம் வளர்ந்த என் பெரியப்பாவுக்கு அப்போது எட்டு வயது. "சத்தம் கேட்டா போதும், அடுப்புல இருக்கறத விட்டுட்டு அம்மாவும் வெளிய ஓடி வருவாங்க" என்பார். அந்தச் சத்தத்தை இன்னொரு முறை அவர் வீட்டுக்கு மேலே கேட்க வைக்க வேண்டும் என்றுதான் நாங்கள் மூன்று பேர், பொழுதுபோக்குக்குப் பறக்கிறவர்கள், வேறு வேலை பார்த்து வாழ்கிறவர்கள், அந்தப் பழைய வழியில் அணியாகப் பறக்கக் கற்றுக்கொண்டோம். அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன். தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இது, ஆனால் படித்துவிட்டு அப்படியே போய் ஒட்டிப் பறக்கலாம் என்பதற்கு இல்லை. அணிப் பறப்பில் அனுபவமுள்ள பயிற்றுநர் பக்கத்தில் உட்காராமல் முதல் பத்து மணி நேரத்தைத் தொடவே கூடாது.

முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது

2015 மார்ச் 15, லங்காவியில் லீமா கண்காட்சிக்கான ஒத்திகையில் இந்தோனேசிய விமானப்படையின் ஜூப்பிட்டர் குழு விமானங்கள் இரண்டு மோதிக்கொண்டன. விமானிகள் குதித்துத் தப்பினார்கள். 2024 ஏப்ரல் 23, லூமுட்டில் நம் மலேசியக் கடற்படையின் 90ஆம் ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி பத்துப் பேர் இறந்தார்கள். இவர்கள் எல்லோரும் தினமும் இதையே செய்கிற படை வீரர்கள். சனி ஞாயிறு மட்டும் பறக்கிற நமக்கு இடைவெளி அவர்களைவிடப் பல மடங்கு வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், நெருக்கம் தேவையே இல்லை. ஆயிரம் அடிக்கும் மேலே போகிற மூன்று விமானங்களைக் கீழிருந்து பார்க்கிறவருக்கு நடுவில் பத்து மீட்டரா, நாற்பது மீட்டரா என்பது பெரிய விஷயமாகப் படாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒருவர் பின்தங்கித் தொங்குகிறாரா, கோணம் அசையாமல் நிற்கிறதா, இதெல்லாம் பளிச்சென்று தெரியும். சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அதனால் உங்கள் உழைப்பு முழுவதும் சமமாக இருப்பதற்குப் போகட்டும், ஒட்டிக்கொள்வதற்கு ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த நினைப்பில்தான் எழுதியது.

ஆள், விமானம்

மூன்று போதும். நான்கு என்றால் வேலை இரண்டு மடங்காகிறது. மூன்றும் ஒரே வகையாக இருந்தால் பாதித் தலைவலி குறையும், எங்களுடையது மூன்றும் பைப்பர் பிஏ-28, இறக்கை கீழே இருக்கும் வகை. செஸ்னா மாதிரி இறக்கை மேலே இருக்கும் விமானத்தையும் பைப்பரையும் கலந்து கிட்டத்தில் பறக்காதீர்கள். காரணம் எளிது: செஸ்னாக்காரர் சற்றுக் கீழே இருந்தால் லீட் விமானத்தை, அதாவது முன்னால் வழிநடத்திப் போகும் விமானத்தை, அவருடைய சொந்த இறக்கையே மறைத்துவிடும், பைப்பர்காரர் சற்று மேலே இருந்தால் அவருக்கும் அதே கதி. வேறு வகைதான் கிடைக்கும் என்றால், நிறுத்தி வைத்திருக்கும்போதே ஒவ்வொருவரும் தன் இருக்கையில் உட்கார்ந்து எந்தக் கோணத்தில் எது மறைகிறது என்று பார்த்துவிடுங்கள், வேகத்தை மிக மெதுவான விமானத்தை வைத்துத் தீர்மானியுங்கள்.

லீட் யார்? மூவரில் நன்றாகப் பறக்கிறவர் என்பதைவிட, சீராகப் பறக்கிறவர். பின்னால் இருவர் தன்னையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள், திசை, மேகம், மலை, மற்ற விமானம், ரேடியோ எல்லாம் தன் தலையில்தான் என்பதை ஒரு நொடியும் மறக்காத ஆள். இரு பக்கமும் பின்தொடரும் விங் விமானிகளின் வேலை ஒன்றே ஒன்று, லீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பது. கைத்தொலைபேசியில் படம் எடுப்பவருக்கு இந்த அணியில் இடமில்லை.

இரண்டாம் விமானத்தை வலப்பக்கம் வையுங்கள். நாம் இடது இருக்கையில் உட்கார்கிறோம், லீட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் பக்கத்து ஜன்னலிலேயே அவரைப் பார்க்கலாம். இடப்பக்கம் இருக்கும் மூன்றாமவர் வலது இருக்கையைத் தாண்டிப் பார்க்க வேண்டும், கழுத்து வலிக்கும், தூரக் கணக்கு தப்பும். மூவரில் அனுபவம் கூடியவர் அங்கே போகட்டும். அந்த வலது இருக்கையில் உட்காருகிறவர் உரிமம் உள்ள இன்னொரு விமானியாக இருந்தால் நல்லது, அவர் எஞ்சின் முள்களைப் பார்த்துக்கொள்வார். சொந்தக்காரரை உட்கார வைக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றுவதற்கு நம் உரிமத்தில் இடமே கிடையாது.

தரையில் நடந்து பழகுவது

முதல் பாடத்துக்குப் பெட்ரோல் வேண்டாம். காலை ஏழு மணிக்கு, சூடு ஏறும் முன்னால், ஹேங்கர் பக்கத்தில் காலியான இடத்தில் மூவரும் கைகளை இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு நடந்தோம். லீட் முன்னால், இருவர் 45 பாகைக் கோணத்தில் பின்னால். லீட் இடது கையைத் தாழ்த்தினால் திரும்புகிறார். வெளிப்பக்கம் இருப்பவர் எட்டி நடக்க வேண்டும், உள்பக்கம் இருப்பவர் அடியைச் சுருக்க வேண்டும். பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் என் கால்களுக்கு அந்த வித்தியாசம் புரிந்த பிறகுதான் எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பிடித்த கைக்குப் புரிந்தது.

கணக்காகவும் பார்த்துவிடுங்கள். 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் 20 பாகை சாய்ந்து திரும்பினால் வளைவின் ஆரம் சுமார் 600 மீட்டர். லீட்டிலிருந்து 40 மீட்டர் வெளியே இருப்பவர் அதே நேரத்தில் பெரிய வட்டம் போடுகிறார், அவருக்கு ஏறக்குறைய 6 நாட் கூடுதலாக வேண்டும், உள்ளே இருப்பவருக்கு 6 நாட் குறைய வேண்டும். லீட் ஏற்கெனவே முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் அந்த 6 நாட்டை வெளியே இருப்பவர் எங்கிருந்து எடுப்பார்? அதனால்தான் அணியின் வேகம் எப்போதும் விமானத்தின் திறனுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். எங்களுக்கு 90 நாட் சரியாக வந்தது.

காற்றில் ஏறிய பிறகு: இடத்தில் நிற்பது

முதல் பறப்பில் இரண்டே விமானம். நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி, லீட்டுக்குப் பின்னால் சாய்வாக. அந்தத் தூரத்தில் அரை மணி நேரம் நேராகப் பறந்தால் போதும், அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். அடுத்த முறை கொஞ்சம் கிட்டே. நாங்கள் கடைசி வரை இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவில் மூன்று நான்கு இறக்கை நீளம், அதாவது முப்பது நாற்பது மீட்டர் விட்டே பறந்தோம்.

இடம் என்பது அடையாளத்தால் பிடிப்பது. லீட் விமானத்தில் இரண்டு புள்ளிகளைப் பயிற்றுநர் காட்டுவார், உதாரணத்துக்கு இறக்கை நுனி விளக்கும் மூக்குக் கூம்பும். அந்த இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால் நீங்கள் சரியான கோணத்தில் இருக்கிறீர்கள். விளக்கு மூக்குக்கு முன்னால் போய்விட்டது போலத் தெரிந்தால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள். பைப்பரில் லீட்டைவிடச் சில அடி கீழே இருப்போம், எதிர்பாராமல் முன்னால் வழுக்கினாலும் அவருக்கு அடியில்தான் போவோம்.

பின்தங்கினால் த்ராட்டிலைத் தள்ளுவோம், அது எல்லோருக்கும் வரும். அதோடு விட்டுவிடுவதுதான் தப்பு. திருத்தம் எப்போதும் மூன்று அசைவு: கொஞ்சம் கூட்டு, விமானம் நகர ஆரம்பித்ததுமே கூட்டியதைவிட அதிகமாகக் குறை, இடத்துக்கு வந்ததும் பாதியைத் திருப்பிக் கொடு. இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு குறைத்தால் கடந்து போய்விடுவீர்கள். புதிதாகக் கற்பவர் முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடுவதற்கு இது ஒன்றே காரணம். அசைவுகள் விரல் கனத்துக்குத்தான் இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களா என்று அடிக்கடி கால் விரல்களை ஆட்டிப் பாருங்கள், அவை மடங்கி இறுகியிருந்தால் கையும் இறுகியிருக்கும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. இங்கே காற்றில் ஈரம் மிக அதிகம், எஞ்சின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு போகும்போது கார்புரேட்டரில் பனி பிடிக்கும், வெளியே முப்பது டிகிரி வெயில் அடித்தாலும் பிடிக்கும். விங் விமானி த்ராட்டிலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பவர், அவருடைய கண் வெளியே இருக்கிறது. எனவே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை லீட் அணியை அகலமாகப் பரப்பிவிட்டு, எரிபொருள், எண்ணெய் அழுத்தம், வெப்பம், கார்புரேட்டர் சூடு எல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும். லீட்டும் த்ராட்டிலை முழுக்க மூடிக்கொண்டு இறங்கக் கூடாது, பின்னால் இருப்பவர்களுக்குக் குறைக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

சேர்வது: அதிகம் பயப்பட வேண்டிய இடம்

இடத்தில் நிற்பதைவிட இடத்துக்கு வருவதுதான் ஆபத்து. லீட் மெதுவாக வளைந்துகொண்டிருப்பார், நீங்கள் வளைவின் உள்பக்கத்திலிருந்து நெருங்கிப் போவீர்கள். 10 நாட் கூடுதல் வேகம் என்றால் நொடிக்கு 5 மீட்டர். 100 மீட்டர் தூரத்தில் லீட் விமானம் பொம்மை மாதிரிதான் தெரியும், வளர்வதே தெரியாது, கடைசி நாலைந்து நொடியில் திடீரென்று ஜன்னலை நிரப்பும்.

என் இரண்டாவது பயிற்சியில் அதுதான் நடந்தது. லீட் இடப்பக்கம் வளைகிறார், நான் உள்ளிருந்து வருகிறேன், வேகம் கூடிவிட்டது. கை தன்பாட்டுக்கு விமானத்தை இன்னும் இடப்பக்கம் சாய்த்தது. விலகிப் போகத்தான் சாய்த்தேன். ஆனால் வலது இறக்கை எழும்பியது, லீட் விமானம் அதற்கு அடியில் மறைந்துவிட்டது. கண்ணாடியில் வானமும் அந்த வெள்ளை இறக்கையும்தான். மூன்று விநாடியோ நான்கு விநாடியோ, எனக்கு முன்னால் ஒரு விமானம் இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. பயிற்றுநர் கண்ட்ரோலை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அதோடு இறங்கிவிட்டோம்.

வயிற்றை லீட்டுக்குக் காட்டக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். வேகம் அதிகம் என்று தெரிந்த உடனே செய்ய வேண்டியது வேறு: த்ராட்டிலை மூடு, இறக்கையைச் சமமாக்கு, சற்றுக் கீழே இறங்கி லீட்டுக்குப் பின்னால் அடியில் குறுக்கே போய் வளைவின் வெளிப்பக்கம் வந்துவிடு, முழு நேரமும் அவரைப் பார்த்துக்கொண்டே. போகும்போது ரேடியோவில் "டூ, ஓவர்ஷூட்டிங்" (இரண்டாம் விமானம், தாண்டிப் போகிறேன்) என்று சொல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை வேண்டுமென்றே பத்து முறை பயிற்சி செய்யுங்கள், நிஜமாக நடக்கும்போது கை அதைத்தான் செய்யும். கடைசி நூறு மீட்டரை 3 நாட்டுக்கு மேல் நெருங்காதீர்கள். நேரம் ஆகட்டும்.

கண்ணில் லீட் தெரியவில்லை என்றால் "டூ, பிளைண்ட்". கடைசியாக அவரைப் பார்த்த திசைக்கு எதிர்ப்புறம் மெதுவாக விலகுங்கள். லீட் அசையாமல் நேராகப் போய்த் தன் உயரத்தையும் திசையையும் சொல்வார், உங்களுக்கு 500 அடி வித்தியாசத்தில் ஓர் உயரம் கொடுப்பார். மறுபடி சேர்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. யாருக்காவது எதுவாவது சரியில்லை என்று பட்டால் "நாக் இட் ஆஃப்". மூவரில் யார் சொன்னாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும், ஏன் என்ற கேள்வி தரையில்.

மற்ற சைகைகளை எழுதி ஆளுக்கொரு தாள் தொடையில் கட்டிக்கொள்ளுங்கள். லீட் இறக்கைகளை ஆட்டினால் சேர்ந்து வா, வாலை இடம் வலம் அசைத்தால் பரவிப் போ, ஒரு பக்க இறக்கையை ஒருமுறை தாழ்த்தினால் அந்தப் பக்கம் எல்லோரும் வரிசையாக வா. ரேடியோ கெட்டாலும் இவை பேசும்.

வழியும் வானிலையும்

கோலாலம்பூர் பக்கத்திலுள்ள சுபாங்கிலிருந்து ஈப்போ நேர்க்கோட்டில் சுமார் 90 கடல் மைல். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டித் தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, கம்பார் என்று போனால் வலப்பக்கம் தித்திவங்சா மலை சுவர் மாதிரி வரும், இடப்பக்கம் செம்பனைத் தோட்டங்கள் சமவெளியாக விரிந்திருக்கும், அவசரத்துக்கு இறங்க வேண்டியிருந்தாலும் அந்தப் பக்கம்தான்.

ஈப்போவிலிருந்து பினாங்கு 65 கடல் மைல்தான், ஆனால் அந்தக் கோட்டைப் படத்தில் போட்டுப் பாருங்கள், நேராகத் தைப்பிங் மலை மேல் போகிறது. புக்கிட் லாருட் 4000 அடிக்கு மேல், தீபகற்பத்திலேயே அதிக மழை விழும் ஊர் தைப்பிங். மேகத்துக்குள் அணியாகப் போக முடியாது, மேகத்துக்கும் மலைக்கும் நடுவில் மூன்று விமானத்தை அழைத்துக்கொண்டு போகவும் கூடாது. கிந்தா பள்ளத்தாக்கிலேயே பத்து காஜா என்ற ஊர் வரை தெற்கே வந்து, மேற்கே திரும்பிப் பேராக் ஆற்றைத் தாண்டி, பந்தாய் ரெமிஸ் கடற்கரையைப் பிடித்து வடக்கே போங்கள். 85, 90 கடல் மைல் ஆகும், சுமார் பதினைந்து நிமிடம் கூடும். அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுத்துவிடலாம்.

இவ்வளவு தூரமும் அணியை இறுக்கி வைத்துக்கொண்டு போனால் விங் விமானிகள் பினாங்கு வரும்போது களைத்துப் போயிருப்பார்கள். வழியெல்லாம் நூறு நூற்றைம்பது மீட்டர் பரந்து போங்கள், கண்ணும் தோளும் ஓய்வெடுக்கட்டும். கிட்டே வர வேண்டியது ஈப்போவுக்கு மேலே ஐந்து நிமிடம், பினாங்கில் ஐந்து நிமிடம். அவ்வளவுதான் மக்கள் பார்க்கப் போவது.

அந்தப் பழைய சேவை தொடங்கிய மே 1 தொழிலாளர் தினம், எல்லோருக்கும் லீவு, அது ஒரு வசதி. ஆனால் பருவக்காற்று மாறும் காலம் அது, மத்தியானத்துக்குப் பிறகு மலையோரம் இடி மழை கட்டும். சில நாள் விடியற்காலையிலேயே மலாக்கா நீரிணையிலிருந்து 'சுமத்ரா' என்கிற புயல் வரிசை வந்து கரையை அடித்துவிட்டுப் போகும். எனவே எட்டு மணிக்குள் புறப்பட்டு, பதினொன்றுக்குள் பினாங்கில் விமானத்தைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த நாள் என்று முன்பே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மாற்றுத் தேதி இல்லாத விழாதான் விமானிகளை மோசமான வானிலைக்குள் தள்ளுகிறது.

அனுமதி, காகிதம்

உலகம் முழுக்க உள்ள அடிப்படை விதி ஐகாவோ என்கிற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 2ஆம் இணைப்பில் இருக்கிறது. அணியாகப் பறப்பது விமானிகள் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்டபடி மட்டும்தான் நடக்கலாம். கட்டுப்பாட்டு வான்வெளியில் அணி முழுவதும் ஒரே விமானமாகக் கருதப்படும், ஒவ்வொருவரும் லீட்டிலிருந்து பக்கவாட்டிலும் நீளவாக்கிலும் 1 கிலோமீட்டருக்குள், உயரத்தில் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும், உள்ளுக்குள் மோதாமல் இருப்பது விமானிகளின் பொறுப்பு, விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரின் பொறுப்பல்ல. ஊருக்கு மேலே போகும்போது 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட 1000 அடி மேலே. கூட்டத்தின் தலைக்கு நேர் மேலே போக வேண்டாம், பக்கவாட்டில் போனால்தான் அவர்களுக்கும் வடிவம் நன்றாகத் தெரியும்.

புத்ராஜெயாவில் உள்ள மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். மூன்று விமான நிலையங்களுக்கும் தனித்தனியாக. பினாங்குப் பக்கம் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இருக்கிறது, அவர்களுடைய வான்வெளியைத் தொடாமல் தீவுக்குப் போக முடியாது, அவர்களுக்கும் வரைபடத்தோடு ஒரு கடிதம். காப்பீட்டுத் தாளில் அணிப் பறப்பு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். பறப்புத் திட்டத்தில் விமான எண்ணிக்கை எழுத ஓர் இடம் உண்டு, அங்கே 3 போட்டு, பதிவு எண்களைப் பின்பகுதியில் கொடுங்கள். ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் லீட்டுக்கு மட்டும் எரியும், மற்ற இருவர் ஸ்டேண்ட்பையில். அணி கலைந்தால் யார் எந்த எண்ணைப் போடுவது என்றும் முன்பே பேசிவிடுங்கள்.

அழைப்புப் பெயர் சுருக்கமாக இருக்கட்டும். நாங்கள் 'ஹெலாங்' என்று வைத்தோம். லீட் "ஹெலாங், செக்" என்றால் "டூ", "த்ரீ", அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். டவரோடு பேசுவது லீட் மட்டும்தான்.

நேரத்துக்குப் போய்ச் சேர்வது

ஒன்பது மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஒன்பது பத்துக்கு வந்தால் பாதிப் பேர் நிழலுக்குப் போயிருப்பார்கள். 90 நாட் என்றால் நிமிடத்துக்கு ஒன்றரை கடல் மைல், நொடிக்கு 46 மீட்டர். பார்க்கிறவருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் தெரிய ஆரம்பித்து ஒரு கிலோமீட்டர் தாண்டி மறைந்தால், மொத்தம் 43 வினாடி.

பார்வையாளர் இருக்கும் இடத்திலிருந்து 15 கடல் மைல் தள்ளி, தெளிவாகத் தெரியும் ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். பினாங்குக்கு ஆற்று முகத்துவாரம் ஒன்று போதும். காற்று இல்லையென்றால் அங்கிருந்து சரியாக 10 நிமிடம். ஒரு நிமிடம் தாமதமாக அங்கே வந்தால் அதை ஈடுகட்ட 100 நாட் போக வேண்டும், அப்போது வெளிப்பக்க விங்குக்கு மிச்சம் வைத்த வேகமெல்லாம் தீர்ந்துவிடும். தாமதத்தை வேகத்தால் துரத்தாதீர்கள். எப்போதும் மூன்று நிமிடம் முன்னதாகவே வந்து, பெரிய வட்டமாக ஒரு சுற்றுப் போட்டு நேரத்தைக் கரையுங்கள். எதிர்க்காற்று 10 நாட் இருந்தால் அதே 15 மைலுக்கு 11 நிமிடம் 15 வினாடி, இந்தக் கணக்கை வரும் வழியிலேயே லீட் போட்டு வைத்திருக்க வேண்டும்.

வடிவம்? 'விக்' என்கிற அம்பு முனை போதும். இறந்துபோன விமானி ஒருவரை நினைவுகூர வேண்டும் என்றால், நடுவில் ஒருவர் செங்குத்தாக மேலே ஏறிப் பிரிவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதை விட்டுவிடுங்கள். நான்கு பேர் அணியில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு மூன்று பேர் போவதும் அதே அர்த்தம்தான், பார்க்கிறவருக்கு அந்த வெற்றிடம் புரியும்.

அந்த நாள்

காலைப் பசியாறலை லேசாக முடித்துக்கொண்டு எல்லோரும் ஒரே மேசையில் உட்காருங்கள். லீட் முதலிலிருந்து கடைசி வரை வாயால் பறந்து காட்டுவார்: எஞ்சின் எத்தனை மணிக்கு, யார் பின்னால் யார், எங்கே சேர்வது, எங்கே பரவுவது, எரிபொருள் எவ்வளவுக்கு இறங்கினால் விங் வாய் திறக்க வேண்டும். விங் விமானம்தான் எப்போதும் அதிகம் குடிக்கும், கணக்கை லீட்டின் தொட்டியை வைத்துப் போடாதீர்கள். வழியில் ஒருவருக்கு எஞ்சின் முரண்டு பிடித்தால் எந்த நிலையத்துக்குப் போவார், யார் அவரோடு போவார் என்பதும் இந்த மேசையில்தான். 2015 மே 8, ஐரோப்பியப் போர் முடிந்த 70ஆம் ஆண்டுக்கு வாஷிங்டன் மேல் ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய போர் விமானங்கள் பறந்தபோது ஓர் அவெஞ்சர் கோளாறாகி, பக்கத்திலிருந்த ரேகன் நிலையத்தில் இறங்கியது. மற்றவை வரிசை கலையாமல் போய்க்கொண்டிருந்தன.

பொழுதுபோக்கு விமானிகளால் இது முடியுமா என்று சந்தேகம் வந்தால், 1990லிருந்து ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்காவில் பொனான்சா விமானச் சொந்தக்காரர்கள் ராக்ஃபோர்டிலிருந்து ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்குக் கூட்டமாகப் பறந்து போவதைத் தேடிப் பாருங்கள். மூன்று மூன்றாகத்தான் போகிறார்கள், அதற்கு முன் பயிற்சி முகாமில் கலந்துகொள்ளாமல் யாரையும் சேர்ப்பதில்லை.

புறப்படும்போது ஒருவர் பின் ஒருவர், பத்து வினாடிக்குக் குறையாத இடைவெளியில். முன்னால் பெரிய விமானம் கிளம்பியிருந்தால் அதன் சுழல் காற்று அடங்கும் வரை டவர் சொல்கிற நேரத்தை முழுதாகக் காத்திருங்கள். இறங்கும்போதும் தனித்தனிதான். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஓடுபாதை 3352 மீட்டர், இடம் ஏராளம் என்று ஆசை வரும், சேர்ந்து இறங்குவது நமக்கு வேண்டாம். பினாங்குப் பாலம் தெரிவதற்கு முன்பே அணியைக் கலைத்து, டவர் கேட்கிற தூரத்தில் வரிசையாகப் போங்கள்.

இறங்கிய பிறகு

விமானத்தைக் கட்டிப்போட்டதும் சாப்பாட்டுக்கு ஓடாதீர்கள், நினைவு சூடாக இருக்கும்போதே பேச வேண்டும். லீட் முதலில் தன் தப்புகளைச் சொல்வார், பிறகு டூ, பிறகு த்ரீ. யார் தப்பு என்று பேச வேண்டாம், எந்த இடத்தில் என்ன நடந்தது என்று மட்டும். தேதி, நேரம், எங்கே கோணம் விட்டது, எல்லாம் ஒரு நோட்டில்.

அப்புறம் கீழிருந்து பார்த்த ஒருவருக்குப் போன் செய்யுங்கள். நான் ஈப்போவுக்கு அழைத்தேன். பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம், சத்தம் முதலில் கேட்டதாம், பிறகுதான் தெரிந்ததாம். "அழகா இருந்துச்சுய்யா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இடது பக்கம் வந்தவன் மட்டும் கடைசியில லேசா பின்னாடி போயிட்டான்" என்றார். இடது பக்கம் பறந்தவர் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நோட்டை இழுத்து எழுதிக்கொண்டார்: ஈப்போ, 8.52, கடைசி பத்து வினாடி.